புறாவலை, ஐந்து வருட வாரண்டி

என் நம்பரை இந்த ஊரில்
நானூறு பேராவது வைத்திருப்பார்கள்,
‘பிஜன் நெட்’ என்ற பெயரில்.
நிஜப் பெயர் கேட்டவர்கள் இரண்டே பேர்.
அதில் ஒருவர் போலீஸ்.

சதுர அடி பதினெட்டு ரூபாய்.
கொக்கி என்னுடையது, டை இலவசம்.
வெயிலில் இற்றுப்போகாது என்பேன்.
இற்றுப்போகும்.

ஹூடியில் பதினான்காம் மாடி.
இடுப்பில் கயிறோடு ஏசி பெட்டிக்குப் பின்னால்
தலையை நீட்டினால்
கூடு.
அதைக் கூடென்றால்
தூக்கணாங்குருவி சண்டைக்கு வரும்.
நாலு துடைப்பக்குச்சி, ஒரு ஹேர்பின்,
மீதியெல்லாம் என் சரக்கு:
போன மாதம் எதிர் பிளாக்கில் நறுக்கி உதறிய
டை வால்கள், பச்சை வலைத் துணுக்குகள்.
அதன் மேல் இரண்டு குஞ்சு.
மஞ்சள் மயிர், முகத்துக்கு மிஞ்சிய அலகு,
அழகென்று யாரும் சொல்லிவிட முடியாது.

சௌபர்ணிகா மேடம் கதவைப் பாதி திறந்து நின்றார்.
பையனுக்கு இளைப்பு,
டாக்டர் சீட்டு ஃப்ரிட்ஜ் கதவில்.
அதன் கீழே அசோசியேஷன் நோட்டீஸ்,
தீனி போட்டால் ஆயிரம் அபராதம்.
வாஷிங் மெஷினுக்கு அடியில்
உடைத்த சோளம் போட்ட எவர்சில்வர் தட்டு.
நான் பார்த்துவிட்டேன் என்றதும்
காலால் உள்ளே தள்ளினார்.

அவரும் ஒன்றும் கேட்கவில்லை.
நானாகத்தான் சொன்னேன்:
‘வலை ஒரு முழம் குறையுது மேடம்,
இந்த மூலையை அடுத்த மாசம் முடிச்சுத் தரேன்.’
என் காலடியில் முழு உருளை ஒன்று
பிரிக்காமல் கிடந்தது.
அதைப் பார்த்தார்.
சரி என்றார்.

ஈஜிபுராவில் காலை ஆறரைக்கு
மொட்டைமாடியில் கம்பு இறைப்பேன்.
பகலெல்லாம் விரட்டுற, விடிஞ்சா கூப்பிடுற,
என்ன, பாவக்கணக்கா என்பாள் ஜெசிந்தா.
தொழில் நடக்க வேண்டாமா என்பேன்.
அவளுக்கு இது சிரிப்பாக இல்லை.

கணக்கெல்லாம் இல்லை.
பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கும், அவ்வளவுதான்.
ஒரு ஆண் கழுத்தை உப்பி
தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வரும்.
பெண் கம்பு பொறுக்கும்.
மைனாவும் காக்கையும்
ஒரு வாய் மொண்டு அண்ணாந்து பார்க்கும்,
மேலே யாருக்கோ நன்றி சொல்வதுபோல.
புறா அப்படியில்லை.
அலகை முக்கினால் உறிஞ்சிக்கொண்டே இருக்கும்,
தாகம் தீர்ந்தால் போய்விடும்.

பாதிக்குப் பாதி நொண்டி.
நூல் இறுக்கி, விரல் கறுத்து, உதிர்ந்துபோனவை.
ஒன்றைத் துண்டு போட்டுப் பிடித்து
பிளேடால் மெல்ல அறுத்தேன்.
வந்த நூல் பச்சை.
அதிலிருந்த முடிச்சை
இருட்டில் தடவினாலும் சொல்வேன்.
நான் போடுவது.
விட்டதும் பறந்து
பக்கத்து டவரில் உட்கார்ந்து
சாயங்காலம்வரை என் பக்கமே திரும்பவில்லை.

இருபத்தாறாம் நாள் மறுபடி ஹூடி.
கூட்டில் யாருமில்லை.
சுற்றிலும் காய்ந்த எச்சம்,
பெட்டியின் விளிம்பில் ஒரு சாம்பல் இறகு,
நுனியில் இன்னும் மஞ்சள் இழை.
பறந்ததா, அந்தப் பக்கம் திரியும் வல்லூறு
வந்து போனதா,
இறகு அதைச் சொல்லாது.

‘பறந்துடுச்சுங்களா?’
‘பறந்துடுச்சு மேடம்.’

கடைசி மூலையையும் இழுத்துக் கட்டினேன்.
உள்ளே போனவர் அந்தத் தட்டைக்
கழுவி, துடைத்து, ஒரு பையில் போட்டுத் தந்தார்,
எதுக்காவது ஆகும் என்று.

கூட்டையும் அதே பையில் போட்டுக்கொண்டேன்.
கீழே வண்டியில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன்.
பதினொரு டை.
பில்லில் சேர்க்கவில்லை.